கரண்ட் போய் வந்தாலும் பொங்காத ஸ்கிம்மர்

ரூஹி,

பேசாவிட்டாலும் படிப்பாய் என்று எழுதுகிறேன். புது ஸ்கிம்மர் கிடைத்துவிட்டது, மாட்டியும் விட்டேன். ஸ்கூலில் பாடம் நடத்திவிட்டு வந்து பையை வைத்த கையோடு மீன் தொட்டியைப் பார். தண்ணீரில் இருக்கும் அழுக்கை நுரையாக்கி மேலே கப்பில் சேர்க்கிறது. சத்தமே இல்லை. நம் பவளங்கள் பிழைத்துக்கொள்ளும்.

பழையது கரண்ட் போய் வந்ததும் பொங்கி, நம் கல்யாணத்துக்கு உன் அம்மா தந்த கம்பளத்தை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டது. அதனால் கடையில் ஒவ்வொன்றையும் ஓடவிட்டு, சுவிட்சை அணைத்து அணைத்துப் போட்டேன்.

"இன்னா பாய், சுச்சுல வெளையாடிக்கினு கீறீங்க?" என்றார் கடைக்காரர்.

"வீட்ல கேப்பாங்க" என்றேன்.

மற்றதெல்லாம் பொங்கின. இது மட்டும் கரண்ட் வந்ததும் தானாகச் சமத்தாக ஓடியது. நம்பாவிட்டால் நீயே அணைத்துப் போட்டுப் பார். நுரையைக் கூட்டிக் குறைக்கும் திருகை மட்டும் தொடாதே, நுரை ஒழுங்காக வர இரண்டு மூன்று நாள் ஆகும்.

குருமா அடுப்பில் இருக்கிறது. பரோட்டா நான் வாங்கி வருகிறேன்.

பழைய ஸ்கிம்மரைக் கேட்டுப் பக்கத்து வீட்டு நதீம் வருவான், பால்கனியில் இருக்கிறது. கம்பளக் கதையைச் சொல்லிவிட்டுக் கொடு.

ஃபைசான்

பி.கு. கம்பளத்தை அலசிக் காயவைத்து, தொட்டியை ஒட்டியே விரித்திருக்கிறேன். திட்டாதே. ராத்திரி அதன் மேல் நான்தான் படுக்கப்போகிறேன். தண்ணீர் வழிந்தால் முதலில் நனைவது நான். வழியாவிட்டால், காலையில் என்னோடு பேசு.