தலைமை ஆசிரியர் பொறுப்பிலிருந்து பயிற்சி ஆசிரியராக இறக்கிவிடக் கோரும் மனு

அனுப்புநர்:
வனங்வா ம்சோவோயா, இளம் அறிவியல் (உயிரியல்),
பட்டத்துக்குப் பிந்தைய ஆசிரியர் பட்டயப் பயிற்சி மாணவர்,
(மற்றும்) பொறுப்புத் தலைமை ஆசிரியர்,
கபுந்துலா சமுதாய உயர்நிலைப் பள்ளி, மலாவி.

பெறுநர்:
கோட்டக் கல்வி மேலாளர் அவர்கள்,
லுஜெரே கல்விக் கோட்டம்.

வழி: தலைமை ஆசிரியர், கபுந்துலா சமுதாய உயர்நிலைப் பள்ளி.

பொருள்: என் பொறுப்பு நியமன உத்தரவை 19.07.2019க்கு முன் ரத்து செய்து, என் வகுப்பை ஒருவர் பார்வையிட வழிசெய்தல் தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலக உத்தரவு, நாள் 16.05.2019.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் உயிரியல் படித்தேன். அதைப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கத் தனியாக ஒரு பட்டயம் வேண்டும் என்பதால், ஏப்ரல் 15 முதல் இப்பள்ளியில் கற்பித்தல் பயிற்சி பெற்று வருகிறேன். பல்கலைக்கழக விரிவுரையாளர் மூன்று முறை வருவார். ஒருமுறையேனும் என் வகுப்பை அவர் பார்க்காவிட்டால் இந்த ஆண்டு செல்லாது. இரண்டு வருகைகள் முடிந்துவிட்டன. கடைசி வருகை ஜூலை 19.

2. மே 7 அன்று சக ஆசிரியர் ஒருவரின் மாமனார் ஏரிக்கரை ஊரில் காலமானார். எழவுக்கு வராதவர் யார் என்பதை எங்கள் பக்கம் யாரும் மறப்பதில்லை. ஆகவே பள்ளி முழுவதும் லாரியில் ஏறியது. நானும் கறுப்புக் கோட்டு அணிந்து நின்றேன். அப்போதைய தலைமை ஆசிரியர் திரு. கும்வெண்டா என்னைத் தடுத்தார்: "தம்பி, நீ பயிற்சி ஆளு. ஊழியர் பட்டியல்ல உன் பேரு கெடையாது. லாரியில எடம் பட்டியல்படிதான்." பிறகு பள்ளியின் ரப்பர் முத்திரையை என் கையில் வைத்தார். "இது எங்க இருக்கோ அங்கதான் பள்ளிக்கூடம். கீழ போட்டுடாத."

3. லாரி கிளப்பிய புழுதி அடங்குமுன் தங்கள் அலுவலகத் தூதர் மோட்டார் சைக்கிளில் ஒரு படிவம் கொண்டுவந்தார். அதில், "முத்திரையை வைத்திருக்கும் தலைமை ஆசிரியரின் பெயர்" என்று ஒரு கட்டம் இருந்தது. வெற்றிடம் ஏற்கப்படாது என்று அடியில் அச்சிட்டிருந்தது. முத்திரை வைத்திருப்பவர் தலைமை ஆசிரியர் அல்ல, தலைமை ஆசிரியரிடம் முத்திரை இல்லை, என்ன எழுதுவது என்று கேட்டேன். "எதையாச்சும் எழுதுங்க சார், எனக்கு இன்னும் நாலு பள்ளிக்கூடம் பாக்கி கெடக்கு" என்றார். பொய் எழுதக் கூடாது என்று என் பெயரை எழுதினேன். ஒன்பதாம் நாள் என்னைப் பொறுப்புத் தலைமை ஆசிரியராக நியமித்துத் தங்கள் உத்தரவு வந்தது.

4. திரு. கும்வெண்டா திரும்பியதும் முத்திரையை நீட்டினேன்; பயணக் களைப்பு, பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்றார். உத்தரவு வந்த பிறகு மீண்டும் நீட்டினேன். அவர் உத்தரவை இரண்டு முறை படித்துவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "கோட்டத்து உத்தரவாச்சே தம்பி" என்றவர் உடனே திருத்திக்கொண்டார்: "மன்னிக்கணும், ஐயா." இப்போது அவர் புவியியல் மட்டும் நடத்துகிறார். இரத்த அழுத்தம் இறங்கிவிட்டதாகச் சொல்கிறார். சென்ற வாரம் என் அறை வாசலில் குனிந்து நின்று ஒரு எழவுக்கு விடுப்புக் கேட்டார். கொடுத்தேன்.

5. முதல் வருகை மே 8 அன்று, அதாவது எல்லோரும் ஏரிக்கரையில் இருந்தபோது நிகழ்ந்தது. விரிவுரையாளர் முனைவர் ந்யாசுலு அம்மையார் அலுவலகத்துக்கு வந்து தலைமை ஆசிரியரைக் கேட்டார். "இப்போதைக்கு நான்தாம்மா" என்றேன். "பயிற்சி மாணவர் எங்க?" "அதுவும் நான்தாம்மா."

"பயிற்சி மாணவர் பள்ளிப் பொறுப்புல இருக்கக் கூடாது, அது விதி" என்றார். "அதனால ஒண்ணு நீங்க அவர் இல்ல, இல்லாட்டி இவர் இல்ல. சீக்கிரம் முடிவு பண்ணுங்க, ஜீப் நிக்குது." முத்திரை என் கையில் இருந்ததை அவர் பார்த்தார். "பயிற்சி மாணவர் வருகை தரவில்லை" என்று எழுதி, தலைமை ஆசிரியரின் ஒப்பத்துக்காக என்னிடம் நீட்டினார். முத்திரை இட்டேன். அத்துடன், வராத பயிற்சி மாணவரிடம் விளக்கம் கேட்கவேண்டியது தலைமை ஆசிரியரின் கடமை என்பதால் எனக்கு ஒரு குறிப்பாணை அனுப்பினேன். நான் தந்த விளக்கம் திருப்தியளிக்கவில்லை.

6. இரண்டாம் வருகை ஜூன் 12. அன்று என்னைத் தாங்கள் தலைமை ஆசிரியர் கூட்டத்துக்கு அழைத்திருந்தீர்கள். "பயிற்சி ஆசிரியர்களின் வகுப்பை நேரில் பார்ப்பதன் அவசியம்" என்பது தலைப்பு. சிறப்பாகக் குறிப்பெடுத்ததாகத் தாங்களே என்னைப் பாராட்டியது நினைவிருக்கலாம்.

7. மற்ற ஆசிரியர்கள் பார்வையிடலாமே என்று தாங்கள் கருதலாம். மேலதிகாரிக்கு மதிப்பெண் போட அவர்கள் துணியவில்லை.

8. மூன்றாம் படிவ வகுப்பு மாணவர்களுக்கு இரத்த ஓட்டம் நடத்துவதற்காக, சைக்கிள் டியூபும் இரண்டு பிளாஸ்டிக் பாட்டில்களும் கொண்டு ஓர் இதயம் செய்தேன். அமுக்கினால் சிவப்புத் தண்ணீர் ஓடும். பார்வையிடும் நாளுக்கென்று அதைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன். எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும், மக்காச்சோள லாரியானாலும், வகுப்பே இரத்த ஓட்டப் பக்கத்தைத் திறந்துவிடுகிறது. "அந்த இதயத்த எப்பதான் சார் தொறப்பீங்க? டியூபு வெடிச்சிடப் போவுது" என்று தியோங்கே என்ற மாணவி கேட்டாள். சென்ற திங்கட்கிழமை திறந்து பார்த்தேன். ஒரு பக்கம் வெடித்திருந்தது. ஒட்டுப் போட்டிருக்கிறேன்.

9. நான் நன்றாகக் கற்பிக்கிறேனா என்பது எனக்குத் தெரியாது. அதைச் சொல்லத் தகுதியுள்ள ஒருவர் வகுப்பின் கடைசி பெஞ்சில் நாற்பது நிமிடம் உட்கார வேண்டும். இந்த ஆண்டு தவறினால் அடுத்த ஆண்டு மீண்டும் பயிற்சிக்கு வருவேன். என்னைச் சேர்த்துக்கொள்ளும் கடிதத்திலும் நானே முத்திரை இட நேரும்.

எனவே ஜூலை 19 காலைக்குள் யாரையேனும் தலைமை ஆசிரியராக்கி, என்னை மீண்டும் ஒன்றுமில்லாதவனாக்கித் தருமாறு வேண்டுகிறேன்.

இடம்: கபுந்துலா
நாள்: 08.07.2019

பணிவுடன்,
வனங்வா ம்சோவோயா
(பயிற்சி மாணவர்)

மேலனுப்புகைக் குறிப்பு:

மனுதாரர் கூறுவன உண்மை. அவர் வகுப்பெடுப்பதை என்னால் இதுவரை பார்க்க முடியவில்லை; அந்த நேரங்களில் எனக்கும் வகுப்பு இருந்தது. யாராவது பார்க்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறேன்.

வ. ம்சோவோயா
பொறுப்புத் தலைமை ஆசிரியர்
(பள்ளி முத்திரை)