பனிமலையிலிருந்து வரும் ஒற்றைச் சொல்

என் செல்ல ஆக்னஸ் அக்காவுக்கு,

நீ இருக்கும் இடத்தில் குளிரா, வெயிலா, எனக்குத் தெரியாது. இங்கே வளைகுடாவில், நம் சோஹாரில் இப்போது நல்ல காலம். ஏசியை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன், கடல் காற்று வருகிறது. ஆனால் இந்தக் குளிர்காலம் முழுக்க எனக்கு மட்டும் கையும் காலும் சில்லிட்டே கிடக்கிறது. எல்லாம் உன் மகளால்தான்.

ஜெனி பனிமலைக்குப் போயிருக்கிறாள் அக்கா. ஜார்ஜியாவில் ஏதோ ஒரு மலைக்கிராமம், பெயர் என் வாயில் நுழையவில்லை. வசந்தத்தில் அங்கே ஒரு மலை மாரத்தான் நடக்கிறதாம். காலேஜ் முடிந்தது, வேலைக்குச் சேருவதற்கு முன்னால் இந்த ஒரு குளிர்காலத்தை எனக்குக் கொடுங்க சித்தி என்றாள். அவளுடைய ஓட்டக் குழுவும் கோச்சும் கூட இருக்கிறார்கள், கோச் ஒரு சூடான்காரர். ‘அப்பாவிடம் கேள்’ என்றால் அத்தான் கப்பல் வேலையில். கரை தொட்டால்தான் போன். கடைசியில் ‘சரி’ என்று சொன்ன வாய் என்னுடையதுதான்.

தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி பாயும் என்பார்கள். நீ ஆஸ்பத்திரி வார்டில் தவிர வேறு எங்கேயாவது ஓடியிருக்கிறாயா? பஸ்ஸுக்குக்கூட ஓடமாட்டாய், ‘அடுத்தது வரும் லில்லி’ என்று நிற்பாய். இவள் யாரைக் கொண்டு பிறந்தாள்?

வீடியோ காலில் காட்டுகிறாள். இமையில் பனி ஒட்டியிருக்கிறது. ஷூவுக்கு அடியில் கம்பிப் பல் வைத்த ரப்பரை மாட்டிக்கொள்கிறாள், இல்லாவிட்டால் வழுக்குமாம். தண்ணீர் பாட்டிலை ஜாக்கெட்டுக்கு உள்ளே நெஞ்சோடு வைத்து ஓடுகிறாள், வெளியே வைத்தால் உறைந்துவிடும். திரும்பி வந்ததும் வியர்வை ஆறுவதற்குள் சட்டையை மாற்ற வேண்டும். அவர்கள் தங்கியிருக்கும் வீட்டுக்காரம்மா ஈர ஷூக்களுக்குள் பேப்பரைத் திணித்து அடுப்புப் பக்கத்தில் வரிசையாக வைத்திருக்கிறாள். ‘ரோடும் வெள்ளை, பள்ளமும் வெள்ளை சித்தி, எது எதுன்னே தெரியாது’ என்று சிரிக்கிறாள். இதையெல்லாம் என்னிடம் சொல்லலாமா? அந்தக் குளிர் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஒருநாள் ஃப்ரீசரைத் திறந்து நெய்மீன் பொதியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். விரல் மரத்ததுதான் மிச்சம்.

ஆனால் என் பயம் பள்ளமும் இல்லை, பனியும் இல்லை. அது உனக்குத் தெரியும்.

அன்றைக்குக் காலையிலேயே உனக்கு நெஞ்சை அடைத்தது. இரண்டு பேரும் ஒரே ஆஸ்பத்திரியில்தான் நர்ஸ் வேலையில் இருந்தோம். ஈசிஜி எடுப்போம் வா என்று கூப்பிட்டேன். ‘டியூட்டி முடியட்டும் லில்லி’ என்றாய். டியூட்டி முடியவில்லை, நீ முடிந்துவிட்டாய். அந்த எகிப்து டாக்டர் எவ்வளவோ போராடிவிட்டு, திரையை இழுத்து மூடி என்னிடம் சொன்னது ஒரே சொல். ‘கலாஸ், சிஸ்டர்.’ முடிந்தது என்று. இந்த நாட்டில் கடைக்காரனும் டிரைவரும் எதற்கெடுத்தாலும் சொல்கிற சொல்தான் அது. அன்றிலிருந்து எனக்கு மட்டும் அது வேறு சொல்.

உன் இதயத்தின் தசை தடித்துப்போயிருந்தது என்று பிறகு சொன்னார்கள். குடும்பத்தில் வரக்கூடிய நோய், ரத்த சொந்தங்கள் எக்கோ ஸ்கேன் எடுத்துப் பாருங்கள் என்றார்கள். ஜெனி அப்போது சின்னப் பிள்ளை, எடுத்தோம், ஒன்றும் இல்லை. வளர்ந்தபிறகு மறுபடியும் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். இந்தத் தடவை கிளம்புவதற்கு முன்னால் எத்தனை தடவை கூப்பிட்டேன் தெரியுமா? ‘ரேஸ் முடியட்டும் சித்தி.’ எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சொல்தான் வேறு, குரல் அப்படியே உன் குரல். உன் பிடிவாதத்தை மட்டும் ஒரு பொட்டு குறையாமல் அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

ஓடி முடித்து அறைக்கு வந்ததும் எனக்கு மெசேஜ் போடவேண்டும் என்பதுதான் நான் போட்ட ஒரே நிபந்தனை. போடுகிறாள். என்ன சொல் தெரியுமா? ‘கலாஸ்.’ இங்கேயே வளர்ந்த பிள்ளை, அவளுக்கு அது சும்மா ஒரு சொல். அந்தச் சொல் வரும்வரை நான் ஊசி போடும்போதும் போனைப் பார்க்கிறேன் என்று வார்டு இன்சார்ஜ் திட்டுகிறாள். வந்த பிறகும், அனுப்பியது அவள்தானா என்று பெயரை இன்னொரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.

போன வாரம் பேச்சோடு பேச்சாக, ‘ஏத்தத்துல ஓடுறப்ப நெஞ்சு கொஞ்சம் படபடன்னு அடிக்குது, ஆல்டிட்யூட்தான், ஐ ஆம் ஃபைன்’ என்றாள். உயரத்தில் எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நர்ஸ் லில்லிக்குத் தெரியும். உன் தங்கச்சி லில்லிக்குத் தூக்கம் போய்விட்டது. கோச்சிடம் சொல்லிவிடவா? சொன்னால் அவள் என்னை மன்னிப்பாளா? சொல்லாமல் ஏதாவது ஆகிவிட்டால் நீ மன்னிப்பாயா? போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

நேற்று காலை வார்டில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. கோச். அவர் அதுவரை என்னைக் கூப்பிட்டதே இல்லை.

“சிஸ்டர் லில்லி... ஜெனி... கலாஸ்” என்றார்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன் அக்கா. மருந்துத் தட்டு எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. அவர் மேலே என்னவோ சொல்லிக்கொண்டே போனார், ஒன்றும் காதில் ஏறவில்லை. பிறகு போன் கைமாறியது.

“சித்தி, நான்தான். அழாதீங்க. இன்னிக்கு ரன்னிங் கலாஸ்னு சொன்னார், அவ்வளவுதான்.”

“மக்ளே, எங்க நிக்குத? கீழ விழுந்துட்டியா?”

“விழல சித்தி. நின்னுட்டேன். மறுபடியும் படபடன்னு வந்துச்சு. பாதி தூரம் போய்த் திரும்புற இடம் கண்ணுக்குத் தெரியுது, எல்லாரும் முன்னால போய்ட்டாங்க. ஆனா நின்னுட்டேன்.”

பாதி ஓட்டத்தில் நிற்கிற பிள்ளையா அவள்? கால் நகம் பெயர்ந்து ரத்தம் வந்தபோதுகூட ஓடி முடித்தவள். ஏன் மக்ளே நின்ன என்று கேட்டேன்.

“அம்மா நின்னிருக்கணும்ல சித்தி?”

போனைக் காதோடு வைத்தபடியே தரையில் சிதறிய மாத்திரைகளைப் பொறுக்கினேன்.

கோச்சிடம் உன் கதை எல்லாவற்றையும் அவளே சொல்லியிருக்கிறாள். இதயத்தைப் பரிசோதிக்காமல் இனி ஒரு அடிகூட ஓடக்கூடாது என்று சொல்லிவிட்டார். இன்றைக்குக் கிளம்பி வருகிறாள். நாளை காலை மஸ்கட்டில் எக்கோ.

இன்னொன்றும் நடந்தது. போனை வைக்கும்முன் கேட்டாள், “நீங்க எப்ப எடுத்தீங்க சித்தி?” உன் கூடப்பிறந்தவள், நானும் ரத்த சொந்தம்தானே. வார்டில் வருகிறவர்களை எல்லாம் அந்த டெஸ்ட் எடு, இந்த டெஸ்ட் எடு என்று விரட்டுகிறவள் நான். ஊருக்குத்தான் உபதேசம். இன்றுவரை எடுக்கவில்லை என்று ஒத்துக்கொண்டேன். “நீங்களும் படுக்கணும். இல்லன்னா நானும் மாட்டேன்” என்றாள். வளர்த்த கடா மார்பில் பாய்கிறது, பார்த்தாயா?

பயமாக இருக்கிறது அக்கா. அந்தத் திரையில் என்ன தெரியும்? அவள் மறுபடி அந்தப் பனியில் ஓடுவாளா, இல்லை அந்தத் திரும்புகிற இடத்தைப் பார்த்ததோடு சரியா? எனக்கே ஏதாவது இருந்தால், அவளுக்கு இன்னொரு அம்மாவாக யார் இருக்கிறார்கள்?

ஆனாலும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். முதலில் நான் படுக்கிறேன், அவள் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். பிறகு அவள் படுப்பாள், நான் கையைப் பிடித்துக்கொள்வேன். எது வந்தாலும் ஒளிக்காமல் உன்னிடம் சொல்வேன். இன்சார்ஜ் முறைத்தாள், ஆள் இல்லை, மாதக் கடைசிவரை பொறுத்துக்கோ என்றாள். முடியாது என்று சொல்லிவிட்டு லீவு போட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
நாளைக்கு டியூட்டிக்குப் போகாத
உன் தங்கச்சி லில்லி