ஆடி வெள்ளியில் உறைந்த வாசல்

அக்கா,

இன்று காலை மாநகராட்சியிடமிருந்து கைப்பேசிக்கு ஓர் எச்சரிக்கை வந்தது. உறைபனி, நிழல் விழும் நடைபாதைகள் வழுக்கும், பஸ்கள் தாமதமாகலாம், யாரும் அவசரப்பட வேண்டாம். ஆக்லாந்தில் இது அபூர்வம். படித்ததும் நீங்கள் வழுக்கி விழுந்த நாள்தான் நினைவுக்கு வந்தது. இன்றும் ஆடி வெள்ளி.

எங்கள் ஊரில் ஆடி என்றால் காற்றும் புழுதியும். இங்கே ஆடி நடுக்குளிர்காலத்தில் வருகிறது. அது தெரிந்தும் அன்று இருட்டோடு எழுந்து, நம் இரண்டு வீட்டுக்கும் பொதுவான பாதையில் வாளித் தண்ணீரைத் தெளித்துக் கோலம் போட்டேன். வாசல் தெளிக்காத வெள்ளிக்கிழமையில் எனக்கு இருப்புக்கொள்ளாது. தண்ணீர் உறைந்துவிடும் என்று இந்த மண்டைக்கு உறைக்கவேயில்லை. சான்ட்ரிங்ஹாம் சாலையில் பஸ் பிடிக்கக் கிளம்பிய நீங்கள் என் வாசலைக்கூடத் தாண்டவில்லை.

உங்களை ஆம்புலன்ஸில் ஏற்றிய கையோடு நான் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. மாநகராட்சிக்கு போன் போட்டுக் கத்தினேன். வரி வாங்குகிறீர்களே, பாதையைப் பார்க்க மாட்டீர்களா என்று கேட்டேன். ஓர் ஆள் வந்தார். தெருவை மேலும் கீழும் பார்த்தார். எங்கும் ஈரமில்லை, நம் வாசலில் மட்டும் பனிக்கட்டி. குழாய்தான் கசிகிறதோ என்று தண்ணீர் மீட்டரின் மூடியைத் திறந்து, குளிரில் மண்டியிட்டு, கையை விட்டுத் தேடினார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவரிடம் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டேன்.

மாலையில் ஆஸ்பத்திரிக்கு வந்து, "அக்கா, அந்தத் தண்ணி..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும். என்ர கோட்டெல்லாம் உம்மட கோல மாதான்" என்று சிரித்தீர்கள். கட்டுப்போட்ட கை நெஞ்சில் கிடந்தது.

அந்த நேரம் பார்த்து உங்கள் மகள் போன் செய்தாள். என்னைப் பார்த்துக்கொண்டே அவளிடம் சொன்னீர்கள், "பஸ்ஸுக்கு ஓடினனான் பிள்ளை, வழுக்கிப்போட்டுது." போனை வைத்த பிறகு என்னிடம், "நீர் வாயைத் திறக்காதையும். அவள் கோவக்காரி. ரெண்டு வீட்டுக்கும் ஏன் சண்டை?" என்றீர்கள். எனக்கு அது வசதியாக இருந்தது. திறக்கவில்லை.

எலும்பு கூடிவிட்டது. வெளியே தனியாக நடக்கும் தைரியம் மட்டும் உங்களுக்குத் திரும்பவில்லை. வேலையை விட்டீர்கள். மழை பெய்தால் கடைக்குக்கூட வர மாட்டீர்கள். வெங்காயமும் கறிவேப்பிலையும் நான் வாங்கி வந்து கொடுப்பேன். "உமக்கு ஏன் வீண் அலைச்சல்?" என்பீர்கள். ஏன் என்று நம் இருவருக்கும் தெரியும். பிறகு வேறு ஏதோ நோய் வந்து நீங்கள் போனபோது, சாவு வீட்டில் உங்கள் மகள் என் தோளில் சாய்ந்து, "அம்மாவுக்கு எப்பவும் அவசரம், ஆன்டி. அண்டைக்கு பஸ்ஸுக்கு ஓடாம இருந்திருக்கலாம்" என்று அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

இப்போது அவள் உங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். இன்று நான் வாசலில் தண்ணீர் தெளிக்கவில்லை, ஜன்னலோரம் நின்றிருந்தேன். தன் மகளைப் பள்ளிக்கு அழைத்துப் போனவள், "ஸ்லோவா நட. அம்மம்மா ஓடித்தான் விழுந்தவா" என்றாள். குழந்தை, "சில்லி அம்மம்மா" என்று சிரித்தது.

அதற்கு மேல் தாங்கவில்லை அக்கா. செருப்புகூடப் போடாமல் வெளியே போனேன்.

"அவங்க ஓடலம்மா. மெதுவாத்தான் நடந்து வந்தாங்க. நான் தெளிச்ச தண்ணி உறைஞ்சு கெடந்துச்சு. அதுலதான் வழுக்கினாங்க."

அவள் திரும்பி நின்றாள். "இவ்வளவு நாளும் தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டாள். ஆமா என்றேன். அவள் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மாலையில் திரும்பி வந்தபோதும் என் பக்கம் பார்க்கவில்லை.

சண்டை வேண்டாம் என்றீர்கள், வந்துவிட்டது. அவள் பேசாமலே இருந்துவிடுவாளோ என்று பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உங்கள் பேத்தி இனி உங்களைச் சொல்லிச் சிரிக்க மாட்டாள். நீங்கள் என்னை மன்னித்ததைச் சுமந்ததைவிட, உங்கள் மகளின் கோபத்தைச் சுமப்பது எனக்கு லேசாக இருக்கிறது, அக்கா.