தொப்பிக்காரன் கண்ணில் படாதவர்கள்

என் செல்ல மகளுக்கு, ஊரார் வீட்டுச் சுவருக்கெல்லாம் பெயிண்ட் அடித்தே காலம் தள்ளும் உன் அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் எங்களுடைய நினைப்பு. உடம்புக்கு என்று மட்டும் எழுதியிருக்கிறேன், கவனித்தாயா? மனதைப் பற்றி இன்னும் எழுதவில்லை, அதற்குத்தான் இத்தனை தாள் வாங்கி வைத்திருக்கிறேன். போனில் சொன்னால் ஆகாதா என்பாய். போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பாள், நானும் இரண்டு கிண்டல் அடித்து மழுப்பிவிட்டு வைத்துவிடுவேன். சிரிக்காமல் ஒரு விஷயம் சொல்ல வேண்டுமென்றால் எனக்கு எழுதித்தான் ஆகவேண்டும். அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவன் எழுத்து, கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுத்துக்கொண்டு படி. அம்மாவின் முட்டிவலி என்னைப் போலத்தான், கூப்பிடாமல் வரும், போகச் சொன்னால் போகாது. பக்கத்து வீட்டு வாத்துக்காரர் இன்னும் நான்கு வாத்து வாங்கிவிட்டார், நம் சந்தில் மனிதர் பேச்சு கேட்பதே இல்லை. விரலில் முள் குத்தி ஒரு சொட்டு ரத்தம் வந்ததற்கு மயங்கி விழுந்தவள் இன்றைக்கு ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் வைத்துப் பரிசோதிக்கிறாள் என்று இங்கே எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறேன், பெருமையில்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நில ஆபீசில் பழைய தஸ்தாவேஜு வைக்கிற அறைக்குப் பெயிண்ட் அடிக்கக் கூப்பிட்டார்கள். ஜன்னல் இல்லாத அறை, கூரை வரைக்கும் இரும்பு அலமாரி, கட்டுக் கட்டாகக் காகிதம், கை வைத்தால் தும்மல்தான். அலமாரியை நகர்த்தும்போது பின்னால் சுருட்டிச் செருகியிருந்த ஒரு பெரிய வரைபடம் விழுந்தது. அங்கே இருக்கும் குமாஸ்தா, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடுவாரே, அவர்தான், அதை மேசையில் விரித்தார். கப்பலில் வந்து இந்த நாட்டைப் பிடித்துக்கொண்ட துரைமார் காலத்தில் அளந்து வரைந்ததாம். ஆற்றுக்கு நீலம், காட்டுக்குப் பச்சை, வயலுக்கு மஞ்சள், எல்லாம் அழகாக அடித்திருந்தான், நல்ல வேலைக்காரன்தான், ஒத்துக்கொள்கிறேன். நம் தெரு இருக்கும் மலைச்சரிவு மட்டும் ஒரு நிறமும் இல்லாமல் மொட்டையாக இருந்தது. சார், இந்த இடத்துல மட்டும் ஏன் பூச்சு விட்டுப்போச்சு, பெயிண்ட் தீந்துடுச்சா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு அதில் எழுதியிருந்ததைப் படித்தார். அளக்க வந்தவர் மூணு நாள் இங்க கூடாரம் போட்டுத் தங்கியிருக்கார், ஒரு மனுஷன் கண்ணுல படலை, ஒரு இடத்துலயும் புகை எழும்பலை, ஆளில்லாத நிலம்னு எழுதியிருக்கார், அதனாலதான் நிறம் இல்லை என்றார்.

எனக்குக் கையில் இருந்த பிரஷ் கனத்துவிட்டது கண்ணு. ஏனென்றால் அந்த மூன்று நாள் கதை உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். தொப்பிக்காரனை ஏமாற்றிய கதை. அதைச் சொன்னால்தான் சோறு உள்ளே போகும் என்று நீ அடம்பிடித்த கதை. பூட்ஸ் சத்தம் கேட்டதும் நம் ஆட்கள் அடுப்பை அணைத்து, சாம்பலை ஆற்றில் கரைத்து, கால்தடத்தை இலையால் துடைத்துவிட்டு, பிள்ளையின் வாயை மாரோடு அமுக்கிக்கொண்டு மேலே பாறைக்குப் போய்விட்டார்கள். அவன் மூன்று நாளும் சங்கிலியை இழுத்து இழுத்து அளந்தான், ஓடையில் தொப்பியோடு குளித்தான், நம்மவர்கள் பாறை மேலிருந்து அவன் சட்டைப் பொத்தானை எண்ணிக்கொண்டிருந்தார்கள், அவனுக்கு நம்மில் ஒருத்தர் நிழல்கூடத் தெரியவில்லை. கல்யாண வீட்டிலிருந்து சாவு வீடு வரைக்கும் இந்தக் கதையைச் சொல்லி எத்தனை சிரிப்பு. நாம் ஜெயித்த கதை என்றுதானே இத்தனை காலமும் நினைத்தோம். நாம் ஜெயிக்கவில்லை. அவன் யாரையும் பார்க்கவில்லை என்று எழுதினான், எழுதியதை வைத்து அவன் சர்க்கார் நிலத்தை எடுத்துக்கொண்டது, அவர்கள் போனபின் வந்த சர்க்காரும் அதே காகிதத்தை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டது. இப்போது அந்தச் சரிவைக் கல் உடைக்கும் கம்பெனி ஒன்றுக்குக் கொடுக்கப் போகிறார்களாம். நம் தெருவின் நாற்பத்தொரு வீடும் காகிதப்படி யாருமில்லாத இடத்தில் வந்து குந்திக்கொண்ட வீடு.

தப்பிக்க ஒரே வழியைக் குமாஸ்தாதான் சொன்னார். கப்பல்காரர்களுக்கு முன்னாலிருந்தே இங்கே இருந்த ஜனம் என்று யார் யார் பதிவாகிறார்களோ அவர்களை இடத்தை விட்டுக் கிளப்ப முடியாது என்று இப்போது ஒரு சட்டம் இருக்கிறது. கணக்கெடுக்க ஆட்கள் வருவார்கள், வீடு வீடாகப் பார்ப்பார்கள், ஆளை நேரில் பார்த்தால்தான் எழுதுவார்கள். எல்லாரையும் வாசல்ல நிக்கச் சொல்லுங்க, அது போதும் என்றார். நின்றால் போதும். இதைவிடச் சுலபமான வேலை உலகத்தில் உண்டா? நான் ஒரு வாரம் வீடு வீடாக ஏறி இறங்கினேன், கதவு கதவாக நீலப் பெயிண்டில் நம்பர் போட்டேன், உன் அப்பாவுக்குத் திடீரென்று தலைவர் களை வந்துவிட்டது என்று உன் அம்மா நெட்டி முறித்தாள். வாத்துக்காரர் ஒருத்தர்தான் முரண்டு பிடித்தார். அண்ணே, நம்ம ஆளுங்க ஒரே ஒரு தடவைதான் துரைகிட்ட பேரு குடுத்தாங்க, அரிசி தரேன்னு சொல்லி அறுபது பேரு எழுதிக்கிட்டுப் போனான், மறுவாரம் அந்தச் சீட்டை வச்சுப் பேரு சொல்லிக் கூப்பிட்டுத்தான் ரயில்பாதை போட இழுத்துக்கிட்டுப் போனான், ஒருத்தன் திரும்பி வந்தானா, அதுக்கப்புறந்தானே நாம ஒளியவே கத்துக்கிட்டோம் என்றார். அவர் சொன்னது பொய் இல்லை. எழுதிக் கொடுத்தபோது கொண்டுபோனார்கள், ஒளிந்தபோது இல்லவே இல்லை என்றார்கள். அந்தக் காலம் வேற, இந்தக் காலம் வேற என்று நான் பெரிய பேச்சுப் பேசி அவரையும் நிற்கச் சம்மதிக்க வைத்தேன்.

போன செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு அவர்கள் வந்தார்கள். நான் தெருமுனையில் கடைசி வீட்டு நம்பரைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஜீப் திரும்பி நின்றது, காக்கிக் கால்சட்டை போட்ட ஒருத்தர் இறங்கினார், பையிலிருந்து அளக்கிற டேப்பைச் சர்ரென்று இழுத்தார். அவ்வளவுதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அடுத்தது எனக்கு ஞாபகம் வரும்போது நான் பாறை மேல் நிற்கிறேன். கையில் பிரஷ், முழங்கை வரைக்கும் நீலம். என்னைச் சுற்றி நம் தெரு முழுவதும் நிற்கிறது. பாதி முகம் சவரம் செய்தபடி ஒருத்தர், கையில் கரண்டியோடு ஒருத்தி, அக்குளில் ஒரு வாத்தை இடுக்கி அதன் அலகைப் பொத்திக்கொண்டு வாத்துக்காரர். பிள்ளைத்தாய்ச்சிகள் நடுவில், பிள்ளைகளின் வாய் பொத்தி, ஆண்கள் ஓரத்தில் குந்தி. யாருக்கு எந்த இடம் என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. எங்களில் ஒருத்தர்கூட எங்கள் வாழ்நாளில் இப்படி ஓடியதில்லை, ஆனாலும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கீழே பார்த்தால் ஜீப்பும் மூன்று பேரும் எறும்பு மாதிரி. ஒருத்தர் சாத்திய கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுக் காகிதத்தில் எழுதுகிறார். அப்போதுதான் அவர் என்ன எழுதுகிறார் என்று எனக்கு உறைத்தது. இறங்கி ஓடி, நாங்க இங்க இருக்கோம் என்று கத்த வேண்டும் என்று தெரிகிறது. வாய் திறக்கவில்லை. என் கையே என் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது கண்ணு, வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தபோதுதான் தெரிந்தது, மூக்குக்குக் கீழே ஐந்து விரலும் நீலமாகப் பதிந்திருந்தது.

முப்பத்தாறு வீடு ஆளில்லாமல் கிடந்தது. ஆள் இருந்தது ஐந்தே வீட்டில். காது கேட்காத பெரியவர், படுக்கையில் கிடக்கும் மூக்கம்மா அத்தை, ராத்திரி வேலை முடித்துக் கும்பகர்ணனாகத் தூங்கிய பேக்கரிக்காரன், மிஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்காத தையல்காரி, அப்புறம் உன் அம்மா. உன் அம்மா மட்டும்தான் எல்லாம் தெரிந்து நின்றவள். சார், இப்பத்தான் ஓடுனாங்க, அந்தப் பாறை மேலதான் நின்னு நம்மளப் பாத்துக்கிட்டிருப்பாங்க, ஒரு கையாட்டுங்க, வெக்கப்பட்டு இறங்கி வந்துடுவாங்க என்று சொல்லியிருக்கிறாள். கணக்கெடுக்க வந்தவர்களில் இருந்த ஒரு அம்மையார், ஓடினவங்கன்னு எழுத எங்க படிவத்துல இடமில்லைம்மா என்றாராம். அதோடு விட்டார்களா, நீங்க பிறந்தது இந்த ஜனத்துலயா என்று கேட்க, இவள் டவுன் மளிகைக்கடைக்காரர் மகள், பொய் சொல்லத் தெரியாதவள், இல்லை என்று உண்மையைச் சொல்ல, நின்ற ஒருத்தியையும் எழுதாமல் போய்விட்டார்கள். நாற்பத்தொரு வீட்டில் பதிவானது நான்கு. உன் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாள், ஊரையெல்லாம் நில்லு நில்லுன்னீங்களே, முதல்ல ஓடுனது நீங்கதானாமே என்றாள். ஆமாம். என் பின்னால்தான் மற்றவர்கள் ஓடினார்களாம். நான் ஓடாமல் நின்றிருந்தால் நின்றிருப்பார்கள் என்று தையல்காரியின் புருஷன் என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான்.

வருகிற பதினாலாம் தேதி இன்னொரு தடவை வருகிறார்கள், அதோடு பட்டியலை மூடிவிடுவார்களாம். உங்க காலைக் கட்டில் காலோட சேத்துக் கட்டிடறேன் என்கிறாள் உன் அம்மா. நேற்று கேஸ் சிலிண்டர் லாரி வந்து பிரேக் போட்டதற்கே பாதித் தெரு ஓடுவதற்குச் செருப்பை மாட்டிக்கொண்டது, நான் திண்டாடி வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாவுக்குப் பயப்படாத வயது வந்துவிட்டது என்று நினைத்திருந்தேன், இப்போது என் இரண்டு காலுக்குப் பயப்படுகிறேன். புத்தி சொன்னதைக் கேட்காத காலை வைத்துக்கொண்டு ஒருத்தன் என்னதான் செய்வான்?

இப்போது உன் விஷயம். இத்தோடு ஒரு படிவம் வைத்திருக்கிறேன். வெளியூரில் இருப்பவர்கள் இந்த ஜனத்தில் பிறந்தவர் என்று கையெழுத்துப் போட்டு, வேலை செய்யும் இடத்துப் பெரியவரிடம் முத்திரை வாங்கி அனுப்பினால் வீட்டுக் கணக்கில் சேர்ப்பார்களாம். எட்டு வருஷத்துக்கு முன்னால் பஸ் ஏற்றிவிட்டபோது நான் ஜன்னல் வழியே உன் காதில் சொன்னது எனக்கு மறக்கவில்லை. எந்த ஊருன்னு கேட்டா டவுன் பேரைச் சொல்லு, என்ன ஆளுங்கன்னு கேட்டா அம்மா வழியைச் சொல்லு என்றேன். நீ சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. நீ குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரரிடமும் ஆஸ்பத்திரியிலும், நீ கட்டிக்கொள்ளப் போகிற அந்தக் கம்பவுண்டர் தம்பியின் வீட்டாரிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். முத்திரை வாங்கினால் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது, அதை நினைத்தால் அந்த டேப்பின் சத்தம் மாதிரியே இருக்கிறது. என்னைப் பாறைக்கு ஓட யாரும் பழக்கவில்லை, உன்னை ஓடப் பழக்கியது நான்தான். ஆகவே போடு என்று உத்தரவு போட எனக்கு யோக்கியதை இல்லை. பதினாலாம் தேதி அவர்கள் வந்து வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால் மூன்று என்றுதான் சொல்வேன். மூணாவது ஆள் எங்கே என்பார்கள். வேலைக்குப் போயிருக்கிறாள் என்பதா, ஒளிந்திருக்கிறாள் என்பதா, அது உனக்குத்தான் தெரியும். எதுவானாலும் மூன்றை நான் இரண்டாக்க மாட்டேன்.

நீ நோய் நொடி இல்லாமல், பயம் இல்லாமல், உன்னை மதிக்கிறவர்கள் நடுவில் நூறு வயது வாழ வேண்டும் என்று நானும் அம்மாவும் மனதார வாழ்த்துகிறோம். வேளைக்குச் சாப்பிடு, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. அனுப்புவதானால் பத்தாம் தேதிக்குள் வந்து சேரும்படி ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பு, அனுப்பாவிட்டாலும் போன் பண்ணு, நான் ஒன்றும் கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
இந்த நிமிஷம் வரைக்கும் ஓடாமல் உட்கார்ந்திருக்கும்
உன் அப்பா