மல்லித் தொட்டியில் ஊற்றிய சுண்ணாம்பு

மாசி, வெள்ளி இரவு. கீழ்க்கட்டளை.

மாடியில் தொட்டியில் வைத்த மல்லிச் செடிக்காக என் வீட்டுக்காரரோடு இன்று சண்டை. இலையெல்லாம் வெளுத்து மஞ்சளாகிவிட்டது, நரம்பு மட்டும் பச்சை. "மறுபடி உரம் போட்டும் தேறலையே. தூக்கிப் போட்டுட்டுப் பல்லாவரம் சந்தையில வேற வாங்கிக்கலாம்" என்றார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. பொங்கலுக்கு வெள்ளையடித்து மிஞ்சிய சுண்ணாம்பை, எறும்பு வராது என்று அந்தத் தொட்டியில் ஊற்றியவரே இவர்தான்.

"சத்தெல்லாம் மண்ணுலயே இருக்குங்க. நீங்க ஊத்தின சுண்ணாம்புல மண்ணு காரத்தன்மையாயிடுச்சு. இரும்புச் சத்து இருந்தும் வேரால எடுத்துக்க முடியல."

"பெரிய விஞ்ஞானி!" என்று கீழே இறங்கிப் போய்விட்டார்.

சொல்லிக்கொள்ளட்டும். மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டுச் செம்மண்ணும் மக்கிய சாணமும் போட்டேன். இனிமேல் உரம் கிடையாது. புளித்த மோரைத் தண்ணீரில் கலந்து ஊற்றப்போகிறேன் என்று கீழே போய் அவரிடமும் சொல்லிவிட்டேன். புதுத் துளிர் பச்சையாகத்தான் வரும், எனக்குச் சந்தேகமே இல்லை.

மோர் சாதம் இல்லாமல் இந்த மனுஷன் இலையை விட்டு எழுந்ததே இல்லை. இன்று ராத்திரி சாப்பிடும்போது என் முகத்தைப் பார்க்காமலே மோர்க் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார்.

"எனக்கு வேணாம். நாளைக்குப் புளிச்சதும் செடிக்கே ஊத்து."