நாற்பது நிமிஷம்

இங்கிலாந்து
02.11.2025

பிரியமுள்ள மோனிஷா அப்பாவுக்கு,

சுதாராணி எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பாப்பா நடுவில் உட்கார்ந்துகொள்கிறாள். அவள் அழக் கூடாதே என்று நாம் இருவரும் சிரித்துக்கொண்டே இருக்கிறோம். மற்றதைக் கடுதாசியில் பேசிக்கொள்ளலாம் என்று நீங்கள் சொன்னது நல்லதாய்ப் போச்சுங்க.

நர்ஸ் வேலைக்கான இங்கிலீஷ் பரீட்சை இரண்டாம் தடவையும் போய்விட்டது. முதியோர் இல்லத்தில் உதவியாளாகவே இருந்தால் உங்களை இங்கே கூப்பிட்டுக்கொள்ள முடியாது. பிப்ரவரியில் மறுபடி எழுதுகிறேன்.

பெரிய வார்த்தையெல்லாம் வருதுங்க. போ, வா என்கிற சின்ன வார்த்தைதான் ஆளைக் கொல்லுகிறது. பின்னால் ஒரு ஒட்டு சேர்ந்தால் அர்த்தமே மாறிவிடுகிறது. பால் 'கோ ஆஃப்' என்றால் கெட்டுப்போனது. அலாரம் 'கோ ஆஃப்' என்றால் அடிக்கிறது. சேலத்தில் நர்சிங் 'பாஸ் அவுட்' ஆனேன் என்று சொன்னதற்கு, கூட வேலை செய்கிற பெண், "அடி ஏதும் பட்டதா?" என்று பதறினாள். இங்கே அது மயங்கி விழுவதாம்.

மலையில் குளிர் ஆரம்பித்திருக்கும். பாப்பாவுக்குக் காதை மூடி அனுப்புங்க.

உங்கள்
சுதா


மஞ்சக்குட்டை
17.11.2025

சுதாவுக்கு,

கடுதாசி வந்துச்சு. இங்க காப்பிப் பழம் பறிக்க ஆரம்பிச்சாச்சு. காலையில ஆறு மணிக்கே நான் ஓட்டுற ஜீப்பு ஆளுங்களால நெறஞ்சு போவுது.

"எங்கம்மா லீவுக்கு வருவாங்க"ன்னு மோனிஷா டீச்சர்கிட்ட சொல்லியிருக்குறா. எந்த லீவுன்னு அவங்க என்னையக் கேக்குறாங்க. நான் என்னத்தச் சொல்றது?

பரீட்சைய விட்றாத. வண்டியில வர்ற டூரிஸ்ட்டுங்க பேசுறதக் கேட்டு நானும் எழுதி வச்சிருக்கறேன்: ஏறுறதுக்கு கெட் இன், எறங்குறதுக்கு கெட் ஆஃப், அப்பறம் கெட் ஓவர். கடைசி ஒண்ணு மட்டும் புரியாம ஒருத்தர்கிட்டக் கேட்டேன். துக்கத்தத் தாண்டி வர்றதாம்.

ஊடு நொம்ப வெறிச்சுன்னு கெடக்குது.

சத்யராஜ்


08.12.2025

மோனிஷா அப்பாவுக்கு,

யாரிடமும் சொல்லாததை எழுதுகிறேன்.

எங்கள் இல்லத்தில் வால்டர் என்று ஒரு பெரியவர். எண்பத்தெட்டு வயது. பராமரிப்புச் செலவுக்காக அவர் மகள் ஹெலன் அவருடைய வீட்டை விற்றுவிட்டாள். அன்றிலிருந்து அவர் அவளிடம் பேசுவதில்லை. போன வாரம் அவருக்கு நினைவு தப்பியது. ஹெலன் இரண்டு நாள் கட்டிலை விட்டு நகரவில்லை. வெள்ளிக்கிழமை மதியம், குளித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். வெளியூரிலிருந்து தன் அண்ணன் வருவார் என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போன கொஞ்ச நேரத்தில் பெரியவர் கண் விழித்தார். ஒரு கரண்டி டீ குடித்தார். "ஹெலன் எங்கே?" என்றார். நர்ஸ் வந்து பார்த்து, "மகளுக்கு நான் சொல்லிவிடுகிறேன்" என்று போனாள். போகிற வழியில் யாரோ கீழே விழுந்து கிடக்க, அங்கே ஓடிவிட்டாள். அது எனக்குத் தெரியாது. அப்போது ஹெலனிடமிருந்து போன். "ஹேஸ் ஹி கம் ரவுண்ட்?" என்று கேட்டாள்.

'கம் ரவுண்ட்' என்றால் யாராவது வந்து எட்டிப் பார்ப்பது என்றுதான் எனக்குத் தெரியும். அண்ணன் வந்தாரா என்று கேட்கிறாள் என்று நினைத்து, "இன்னும் இல்லை" என்றேன். "அப்படியானால் சாயங்காலம் வருகிறேன்" என்று வைத்துவிட்டாள். நர்ஸ் சொல்லியிருப்பாள், அண்ணனோடு சேர்ந்து வரப்போகிறாள் என்று இருந்துவிட்டேன். மயக்கம் தெளிவதற்கும் அதே வார்த்தைதானாம். அறைக்கு வந்து புத்தகத்தில் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

நாற்பது நிமிஷம் விழித்திருந்தார். கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கையைப் பிடித்து, "வீட்டை விற்றதில் எனக்குக் கோபமில்லை என்று அவளிடம் சொல்" என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். ஹெலன் வந்தபோது உயிர் இல்லை. நர்ஸும் வேலை முடிந்து போய்விட்டாள்.

ஹெலன் என்னைக் கட்டிக்கொண்டு, "நல்லவேளை, அப்பா விழித்து என்னைத் தேடவில்லை" என்று அழுதாள். அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேனே தவிர, பெரியவர் சொன்னதைச் சொல்லவில்லைங்க.

நான் என்ன செய்யட்டும்?

சுதா


மஞ்சக்குட்டை
20.12.2025

சுதாவுக்கு,

சொல்லாத.

நீ வேணும்னு செஞ்சியா? போனவரு போயிட்டாரு. இப்பச் சொன்னா அந்தம்மா நிம்மதியும் போவும், உன் வேலையும் போவும். பிப்ரவரி பரீட்சைய நெனச்சுக்க. மோனிஷாவ நெனச்சுக்க. ஒரு நல்லதுக்காக வாய மூடிக்கிட்டு இருக்கறதுல தப்பே இல்ல.

சாப்புடு. தூங்கு.

சத்யராஜ்


12.01.2026

மோனிஷா அப்பாவுக்கு,

என்னை மன்னிக்க வேணுமுங்க. சொல்லிவிட்டேன்.

நீங்கள் எழுதியபடி இருக்கத்தான் பார்த்தேன். போன வாரம் ஹெலன் அப்பாவின் துணிமணிகளை எடுக்க வந்தாள். பெட்டி கட்ட நான் உதவினேன். அவருடைய ஸ்வெட்டரை மடித்துக்கொண்டே, "கடைசிவரைக்கும் அவர் என்னை மன்னிக்கவில்லை" என்றாள். அவர் கொடுத்த பதில் என்னிடம் இருக்கும்போது, நான் எப்படிங்க சும்மா நிற்பேன்?

எல்லாவற்றையும் சொன்னேன். என் தப்பையும் சேர்த்து. அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"எவ்வளவு நேரம் விழித்திருந்தார்?"

"நாற்பது நிமிஷம்."

"என் வீடு இருபது நிமிஷம்தான்" என்றாள்.

அவர் சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். இன்னொரு தடவை என்றாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போய்விட்டாள். பெட்டியைக்கூட எடுக்கவில்லை.

மறுநாள் நானே மேனேஜரிடம் எழுதிக் கொடுத்தேன். விசாரித்துவிட்டு, இனி வேலை இல்லை என்றார்கள். வேலை போனால் விசாவும் போச்சு. இனிப் பரீட்சை எழுதியும் பயனில்லை. பிப்ரவரி கடைசியில் புறப்படுகிறேன்.

திட்டியாவது ஒரு வரி எழுதுங்க.

சுதா


மஞ்சக்குட்டை
27.01.2026

சுதா,

நொம்பக் கோவம் எனக்கு. வீடியோவுல பாப்பாவ மட்டும் பேச உட்டுட்டு வெளிய போயி நின்னுக்கிட்டேன். ஒண்ணரை வருசம் பிரிஞ்சு இருந்ததெல்லாம் எதுக்குன்னு ஆயிப்போச்சு.

ஆனா வண்டி ஓட்டுறப்ப அந்தம்மா சொன்ன இருபது நிமிசமே மண்டைக்குள்ள ஓடுது.

மூணு வருசத்துக்கு முந்தி எங்கப்பா சேலம் ஆஸ்பத்திரியில போனப்ப, நீ மட்டுந்தான் பக்கத்துல இருந்த. நான் வண்டியோட மலையில இருந்தேன். நான் வந்தவொடனே, "தூக்கத்துலயே போயிட்டாருங்க"ன்னு சொன்ன. அத நம்பித்தான் இத்தன நாளா இருக்கறேன்.

அது நெசமா சுதா?

வேற எதுவும் கேக்கல. அத மட்டும் எழுது.

சத்யராஜ்


07.02.2026

மோனிஷா அப்பாவுக்கு,

இல்லைங்க. பொய்.

நேரில் வந்து உங்கள் முகத்தைப் பார்த்தால் மறுபடியும் அதே பொய்தான் வரும். அதனால் எழுதுகிறேன்.

மாமா அன்று தூங்கவே இல்லை. காலையிலிருந்து உங்களைத்தான் கேட்டார். வார்டு கதவு திறக்கும்போதெல்லாம் தலையைத் தூக்கி, "ராசு வந்துட்டானா?" என்றார். நான் ஏழெட்டுத் தடவை போன் போட்டேன், உங்களுக்கு டவர் இல்லை. கடைசியில் நீங்கள் வண்டிச் சாவியைக் கையில் பிடித்தபடி ஓடி வந்தீர்கள். நீங்கள் நின்ற நிலையைப் பார்த்து, என் வாயில் அந்த வார்த்தைதான் வந்தது. ஒரு நல்லதுக்கு என்று நினைத்தேன். அப்புறம் மாற்றிச் சொல்ல வழியே இல்லாமல் போய்விட்டது.

அவர் கடைசியாகப் பேசியது இதுதான்: "அவன மெதுவா வரச் சொல்லு கண்ணு. வளைவுல வேகமா ஓட்டிக்கிட்டு வரப்போறான்."

உங்களுக்குச் சேர வேண்டிய வார்த்தையை மூன்று வருஷம் நானே வைத்துக்கொண்டேன்.

இருபத்தைந்தாம் தேதி காலையில் சேலம் வந்துவிடுவேன். அழைத்துப் போக மனசு வராவிட்டால் வர வேண்டாமுங்க. நான் பஸ் ஏறி மேலே வந்துகொள்கிறேன்.

சுதாராணி