வீக்கம்: 0

மார்ச் 3
காலை பத்து மணிக்கு ஊசி போட்டார்கள். முதியோருக்கான புதிய சளிக்காய்ச்சல் தடுப்பூசி. இன்னும் சோதனையில் இருக்கிறது. பாதிப் பேருக்கு வெறும் மருந்து, மீதிப் பேருக்குத் தூண்டுபொருள் கலந்தது. எனக்கு எதுவென்று நர்ஸுக்கே தெரியாதாம். வலி, வீக்கம், காய்ச்சலை ஏழு நாள் குறித்துவர ஓர் அட்டையும் அளவுகோலும் கொடுத்தார்கள்.
போன வருடம் இந்தக் காய்ச்சலில்தான் என் மனைவி ஒன்பது நாள் ஆக்சிஜனில் கிடந்தாள். நுரையீரல் பலவீனம் என்று இவளைச் சோதனையில் சேர்க்கவில்லை. அதனால் நான் போனேன்.

மார்ச் 4
கையைத் தூக்க முடியவில்லை. வீக்கம் 32 மி.மீ.; மூன்று முறை அளந்தேன். காய்ச்சல் 100.6.
அட்டையில் எழுதியது: வலி இல்லை, வீக்கம் 0, காய்ச்சல் இல்லை.
ஏன்? நர்ஸுக்கு ஏற்கெனவே ஐம்பது பேர். நான் வேறு தொல்லையா? முப்பது வருடம் நிலம் அளந்தவன், ஓர் அங்குலம் பிசகியதில்லை. இப்போது இப்படி.
சட்டை மாட்ட இவள் உதவினாள். “வலிக்குதா?”
“ஒண்ணுமில்ல.”
“செத்தாலும் எந்திரிச்சு வந்து ஒண்ணுமில்லன்னுதான் சொல்லுவீங்க.”

மார்ச் 6
வலி இல்லை. நிஜமாகவே.

மார்ச் 10
அட்டையைக் கொடுத்தேன். தூண்டுபொருள் என்னதான் செய்யும் என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன்.
“உடம்போட வாசல்ல காவல் செல்கள் இருக்கு சார். வயசானா தூங்கி வழியும். தூண்டுபொருள் அதுங்கள உலுக்கி எழுப்பும். அதுங்க கூச்சல் போட்டு, மருந்துல இருக்கிற கிருமித்துண்டக் கவ்விட்டு அக்குள்ல இருக்கிற நெறிக்கட்டிக்கு ஓடும். அங்கதான் எதிர்ப்புப்பொருள் தயாராகும். அந்தக் கூச்சல்தான் வீக்கமும் காய்ச்சலும்.” அட்டையைப் பார்த்தார். “உங்களுக்கு ஒண்ணுமேயில்ல. எல்லாரும் இப்படின்னா, அடுத்து நுரையீரல் நோயாளிகளுக்கும் இதே அளவக் குடுத்துடலாம்.”
“சரிங்கம்மா” என்று வந்துவிட்டேன்.
சரிங்கம்மாவா! அடுத்து கை நீட்டப்போவது யார்? இவள்தானே. என் பூஜ்யத்தை நம்பி இவள் உடம்பில் ஏற்றுவார்கள்.

மார்ச் 11
இந்த நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் இரண்டு முறை திரும்பினேன். பிறகு நான்காம் தேதிப் பக்கத்தை நீட்டினேன். டாக்டரம்மா திட்டவில்லை, திருத்தத்துக்கு எதிரில் கையெழுத்து வாங்கினார். கடைசி வரியைப் படித்துச் சிரித்தார். “வீட்டம்மா சரியாத்தான் சொல்லிருக்காங்க.”

ஏப்ரல் 1
நேற்று இரண்டாவது ஊசி. வலி உண்டு. வீக்கம் 41. காய்ச்சல் 101. அட்டையிலும் அதுவே.
இவள் கேட்டாள். “வலிக்குது” என்றேன்.
வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, “ஐயையோ, டாக்டரக் கூப்பிடவா?” என்கிறாள்.